சைப்ரஸ் தீவும் நம் பிள்ளைகளின் படிப்பும்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது படிப்புக்காக நாட்டை விட்டுப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். இதைப் பற்றி நம் சங்கத்துக்குள்ளேயே இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. "என் மகன் ஐரோப்பாவில் படிக்கிறான்" என்று ஒரு சாரார் பெருமை பேசுகிறார்கள். "இருக்கிற இடத்தில் படிக்காமல் பேராசைப்பட்டுப் போகிறவன் பட்டுத்தான் திருந்த வேண்டும்" என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. பெருமை பேசுகிறவர்களுக்கு அங்கே நடப்பது தெரியவில்லை. பட்டுத் திருந்தட்டும் என்பவர்களோ, தங்கள் தகப்பனார் ஒரு தகரப் பெட்டியோடு தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய கதையை மறந்துவிட்டார்கள். அன்று அவரையும் ஊரில் இருந்தவர்கள் பேராசைக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஆண்டாப்ஹில்லிலும் சுவர்களைப் பாருங்கள். "ஐரோப்பாவில் படிப்பு, ஆங்கிலத் தேர்வு தேவையில்லை, படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று நோட்டீசுகள் ஒட்டியிருக்கின்றன. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024-இல் கனடா வெளிநாட்டு மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் பிரிட்டன், பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்கள் குடும்பத்தாரை உடன் அழைத்து வருவதை நிறுத்தியது. பெரிய வாசல்கள் குறுகியபோது ஏஜென்டுகள் சின்ன வாசல்களைத் தேடினார்கள். அப்படிக் கண்டுபிடித்த வாசல்களில் மத்தியதரைக் கடலில் கிடக்கும் சைப்ரஸ் தீவும் ஒன்று. இந்த இதழில் அந்தத் தீவைப் பற்றியும், அங்கே மாணவர் என்ற பெயரில் வாழ நேரும் வாழ்க்கையைப் பற்றியும் நாம் பேச விரும்புகிறோம்.

அந்தத் தீவு எது?

சைப்ரஸ், மத்தியதரைக் கடலின் மூன்றாவது பெரிய தீவு. பரப்பளவு 9,251 சதுர கிலோமீட்டர். தூத்துக்குடியும் சேர்ந்திருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தைவிடச் சிறியது. செம்புச் சுரங்கங்களுக்குப் பேர்போன தீவு. செம்புக்கு லத்தீன் மொழியில் வழங்கிய பெயரே இந்தத் தீவின் பெயரிலிருந்து வந்ததுதான். 1878-இல் துருக்கி சுல்தானிடமிருந்து நிர்வாகத்தைப் பெற்றுக்கொண்ட வெள்ளையன் 1960-இல்தான் வெளியேறினான். அப்போதும் முழுதாக வெளியேறவில்லை. இரண்டு ராணுவத் தளங்களைத் தன் சொந்த மண்ணாகவே வைத்துக்கொண்டான். அவை இன்றும் இருக்கின்றன.

இந்தியாவுக்கு இந்தத் தீவு புதிதல்ல. அதன் முதல் குடியரசுத் தலைவர் பேராயர் மகாரியோஸ் கூட்டுச் சேரா இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். 1961-இல் பெல்கிரேடில் நடந்த முதல் மாநாட்டிலேயே சைப்ரஸ் பங்கு பெற்றது. புதுதில்லியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 1964-இல் ஐ.நா. அமைதிப்படை அங்கே போனபோது அதன் முதல் தளபதியாக இருந்தவர் இந்தியரான கியானி. அடுத்து வந்த ஜெனரல் திம்மையா 1965 டிசம்பரில் அந்த மண்ணிலேயே, பணியில் இருக்கும்போதே இறந்தார். 1974-இல் தீவு பற்றி எரிந்தபோதும் படைக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இந்தியரே, பிரேம் சந்த். தளபதிகளை அனுப்பிய நாட்டிலிருந்து இன்று போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பெட்டி சுமக்கும் பிள்ளைகள்.

1974-இல் என்ன நடந்தது என்பதை ஏஜென்ட் சொல்லமாட்டார். நாம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பிள்ளைகள் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

தீவில் பெரும்பான்மையோர் கிரேக்க மொழி பேசுவோர். சிறுபான்மையோர் துருக்கி மொழி பேசுவோர். 1974 ஜூலை 15-ஆம் நாள், கிரீசை ஆண்ட ராணுவக் கும்பலின் தூண்டுதலால் சைப்ரசில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தே நாளில் துருக்கிப் படை கடல் வழியே வந்து இறங்கியது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான வடபகுதி அதன் கைக்குப் போயிற்று. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க மொழியினர் வீடு வாசலை விட்டுத் தெற்கே ஓடினார்கள். பல பத்தாயிரம் துருக்கி மொழியினர் தெற்கிலிருந்து வடக்கே போனார்கள். தலைநகர் நிகோசியாவின் நடுவே ஏற்கெனவே இருந்த கோடு முள்வேலியும் மணல் மூட்டையுமாக இறுகியது. 1983 நவம்பரில் வடபகுதி தன்னைத் தனிக் குடியரசு என்று அறிவித்துக்கொண்டது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அதை அதே மாதம் செல்லாது என்று தீர்மானித்தது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. நம் நாடும் அங்கீகரிக்கவில்லை.

ஒரு தீவு, இரண்டு வாசல்

இந்த அரசியல் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். தெற்கே உள்ள சைப்ரஸ் குடியரசு 2004 மே 1-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2008 முதல் அங்கே யூரோ நாணயம். வடபகுதியில் ஐரோப்பியச் சட்டம் செல்லுபடியாகாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே புழங்குவது துருக்கி லிரா. ஆனால் இங்கே நோட்டீசில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். சைப்ரஸ், ஐரோப்பா!

வடபகுதியில் 20-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒரு சிறு நிலத்தில் இத்தனை ஏன்? அங்கீகாரம் இல்லாத நாட்டுக்கு ஏற்றுமதி வணிகம் கடினம். வெளிநாட்டிலிருந்து நேரே விமானம் வராது. துருக்கி வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே மாணவர்களை வரவழைத்துக் கட்டணம் வாங்குவதே அங்கே பெரிய வருமானமாகிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிகிறார்கள். அங்குள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களும் மோசம் என்று நாம் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக ஒழுங்காக நடப்பவையும் உண்டு. ஆனால் 2024-இல் அங்கே போலிப் பட்டச் சான்றிதழ் விவகாரம் வெடித்துக் கைதுகள் நடந்தன என்பதையும் பெற்றோர் அறிய வேண்டாமா?

நம் பகுதியில் ஒரு தாய். காலையில் இட்லிக் கடை, மாலையில் நாலு வீட்டில் பாத்திரம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகனை ஐரோப்பாவுக்கு அனுப்புவதாக ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பித் தாலிக்கொடியை அடகு வைத்தார். வட்டிக்கும் வாங்கினார். பையன் மும்பையில் விமானம் ஏறி இஸ்தான்புல் போய், அங்கிருந்து எர்ஜான் என்ற விமான நிலையத்தில் இறங்கினான். இறங்கிய பிறகுதான் அவனுக்கு அது வடபகுதி என்று தெரிந்தது. நிகோசியாவில் லெத்ரா தெரு என்று ஒரு கடைத்தெரு. கோடு அதன் குறுக்கே போகிறது. 2008-இல் அங்கே கடந்து செல்லும் வழி திறக்கப்பட்டது. உல்லாசப் பயணிகள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்க் காப்பி குடித்துவிட்டு வருகிறார்கள். இவன் போக முடியாது. எர்ஜான் வழியாக வந்திறங்குவதையே தெற்கிலுள்ள அரசு சட்டவிரோத நுழைவாகக் கருதுகிறது. ஒருவேளை போலீசில் சிக்கினாலும், நோயில் விழுந்தாலும், நம் தூதரகம் இருப்பது கோட்டுக்கு அந்தப் பக்கம். ஓராண்டு இருந்து பார்த்துவிட்டுப் பையன் திரும்பி வந்துவிட்டான். வட்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது ஒன்றும் புரியாத மோசடி அல்ல. பிளாட்பாரம் டிக்கெட்டை விற்றுவிட்டு, இதுதான் சென்னை போகும் டிக்கெட் என்று சொன்னால் எப்படியோ அப்படி. பிளாட்பாரம் டிக்கெட் பொய்யான டிக்கெட் அல்ல. அதை விற்றவன் சொன்ன வார்த்தைதான் பொய்.

படிப்பு எவ்வளவு, வேலை எவ்வளவு?

சரி, தெற்கே போகிறவர்களின் நிலை என்ன? அங்கே சட்டபூர்வமாகத்தான் போகிறார்கள். லார்னகாவிலோ பாஃபோசிலோ இறங்குகிறார்கள். ஆனால் எந்தக் கல்லூரிக்கு?

அரசுப் பல்கலைக்கழகமான சைப்ரஸ் பல்கலைக்கழகம் 1989-இல் சட்டம் போட்டு அமைக்கப்பட்டு 1992-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதன் ஆட்சி மொழிகள் கிரேக்கமும் துருக்கியும். இளங்கலைப் படிப்பு பெரும்பாலும் கிரேக்க மொழியில் நடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அங்கே எளிதில் இடமில்லை. 2007-க்குப் பிறகு பல்கலைக்கழகத் தகுதி பெற்ற சில தனியார் நிறுவனங்கள் ஆங்கிலத்தில் நல்ல முறையில் நடக்கின்றன. அவற்றில் கட்டணம் அதிகம். நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள் போய்ச் சேர்வது பெரும்பாலும் சின்னத் தனியார் கல்லூரிகளில். ஹோட்டல் நிர்வாகம், வணிக நிர்வாகம் என்று டிப்ளமோ. ஒரு மாடிக் கட்டடம், நாலைந்து வகுப்பறை. படிப்புகளின் தரத்தை மதிப்பிட்டு அங்கீகரிக்க அங்கே ஒரு தனி முகமை 2015 முதல் இருக்கிறது. எந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றது, எது பெறவில்லை என்று அதனிடம் கேட்டு அறியலாம். கேட்கத்தான் ஆள் இல்லை.

முதலாண்டுக் கட்டணத்தை இங்கேயே கட்டிவிட்டுப் போகிறான். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை அங்கே சம்பாதித்துக் கட்டலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டு மாணவன் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அங்கே விதி. அதுவும் எல்லா வேலையும் அல்ல. மாணவர்க்கு இன்னின்ன வேலை என்று அரசு ஆணை போட்டு ஒதுக்கும். பண்ணை, கால்நடை, பெட்ரோல் பங்க், கார் கழுவுதல், கட்டடம் துப்புரவு என்று பட்டியல் போகிறது. உள்ளூர்க்காரன் செய்ய விரும்பாத வேலைகளே அதில் பெரும்பாலும் இருக்கின்றன. கணினிப் படிப்புக்குப் போனவனும் அந்தப் பட்டியலுக்குள்தான் வேலை தேட வேண்டும்.

ஒரு பேச்சுக்கு மணிக்கு 6 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 20 மணிக்கு 120 யூரோ. மாதம் ஏறத்தாழ 520. அதில் வாடகைப் பங்கு, சாப்பாடு, காப்பீடு, வண்டிக்கு எண்ணெய், கைபேசி, இவற்றைக் கழித்தால் ஆண்டுக் கட்டணத்துக்கு என்ன மிஞ்சும்? ஆகவே 20 மணியோடு நிற்க முடியாது. 40 ஆகிறது, 60 ஆகிறது. 20-க்கு மேல் போகிற ஒவ்வொரு மணியும் சட்டத்துக்குப் புறம்பானது. இது முதலாளிக்குத் தெரியும். கூலியைக் குறைத்தாலும், கொடுக்காமலே விட்டாலும் பையன் புகார் செய்ய முடியாது என்பதும் தெரியும். 2023 ஜனவரி 1 முதல் அங்கே தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. நல்ல செய்தி என்று நினைத்தோம். படித்துப் பார்த்தால், வீட்டு வேலைக்காரர்களையும் பண்ணைத் தொழிலாளர்களையும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். மாணவனுக்கு ஒதுக்கிய வேலைகளில் ஒன்று பண்ணை வேலை என்பதை மறுபடி நினைவில் வையுங்கள்.

காலையில் வகுப்பு. வருகைப் பதிவு குறைந்தால் குடியேற்றத் துறைக்குச் செய்தி போகும், அனுமதி ரத்தாகும் என்ற பயம். மதியம் வந்து சோறு வடித்துத் தின்றுவிட்டு வண்டியை எடுத்தால் நள்ளிரவு. நிகோசியாவில் கோடைக் காலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் துரூதோஸ் மலையில் பனி பெய்யும். நகரில் சுடுநீர் இல்லாத பழைய வீட்டில் ஓர் அறைக்கு நாலைந்து பேர். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பஸ் குறைவு. ஆகவே கடன் வாங்கியாவது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியாக வேண்டும். வெள்ளையன் ஆண்ட ஊர் ஆதலால் வண்டி நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடுகிறது. அது ஒன்றுதான் பழகிய விஷயம் என்று திரும்பி வந்த பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்றும் சொன்னார்கள். அந்த ஊர்க் கடைகளில் சேப்பங்கிழங்கு கிடைக்கிறதாம். கொலோகாசி என்று பெயர். காராமணியை வேகவைத்துக் கீரையோடு ஆலிவ் எண்ணெய் ஊற்றி உண்பது அங்கே ஏழை எளியவர் வீட்டுச் சாப்பாடு. அதற்கு லூவி என்று பெயர். பக்கத்து வீட்டுக் கிழவி ஒரு தட்டில் கொண்டு வந்து கொடுத்தாள், மொழி தெரியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம் என்றான் ஒரு பையன். மனிதர்கள் எங்கும் மனிதர்களே. நம் வழக்கு அந்தக் கிழவியோடு அல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிகோசியா நகராட்சிப் பூங்காவில் பிலிப்பைன்ஸ், இலங்கைப் பெண்கள் கூடுகிறார்கள். வாரமெல்லாம் வீட்டு வேலை செய்தவர்களுக்கு அது ஒரு நாள் விடுதலை. நம் பிள்ளைகள் தமிழ் பேச ஆள் தேடிப் போவதும் அங்கேதான். மாணவன் என்று எழுதிய அட்டை இவன் பையில், வேலைக்காரி என்று எழுதிய அட்டை அவள் பையில். வாழ்க்கையில் வேறுபாடு என்ன?

கங்காணியும் ஏஜென்டும்

தமிழர்களுக்கு இது பழைய கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் மக்களைக் கூட்டிப்போன கங்காணி, போகும்போதே முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கினான். "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனை அடைத்தாலொழிய ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக முடியாது. 1921-இல் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இதே பம்பாயில் பஞ்சாலைகளுக்கு ஆள் பிடித்த முகாதமும் தொழிலாளியிடம் தஸ்தூரி வாங்கித்தான் வேலை கொடுத்தான்.

இன்றைய ஏஜென்ட் கங்காணியைவிடக் கெட்டிக்காரர். கங்காணி தோட்டத்துக்கு ஆளோடு கூடவே போனான். வெயிலிலும் மழையிலும் நின்றான். ஏஜென்ட் குளிர்சாதன அறையை விட்டு நகர்வதில்லை. கங்காணி கூலிக்குத்தான் அழைக்கிறேன் என்று சொல்லி அழைத்தான். ஏஜென்ட் படிப்புக்கு என்று சொல்லிக் கூலிக்கு அனுப்புகிறார். பையன் தருகிற கட்டணம் ஒரு பக்கம், கல்லூரி தருகிற கமிஷன் இன்னொரு பக்கம், இரண்டு கையாலும் வாங்குகிறார்.

சட்டம் என்ன செய்தது? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றது. வளைகுடாவுக்குக் கொத்தனாரை அனுப்புகிறவனுக்கு அந்தக் கடிவாளம். படிப்புக்கு அனுப்புகிறேன் என்பவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. பஞ்சாப் மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றி, பயண ஏஜென்டுகளையும் ஆலோசனை நிலையங்களையும் உரிமம் பெறச் செய்தது. அதனால் அங்கே மோசடி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏமாந்தவன் போய்க் கதவைத் தட்ட ஓர் அலுவலகமாவது இருக்கிறது.

சிலர் கேட்பார்கள். வயது வந்த பிள்ளைகள், படித்தவர்கள், கண்ணைத் திறந்துகொண்டுதானே போகிறார்கள்? யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே? இந்தக் கேள்வியில் ஓரளவு உண்மை இருக்கிறது. வேலைக்காகவே போகிறவன், படிப்பு ஒரு சாக்கு என்று தெரிந்தே போகிறவன் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் ஏன் சாக்குச் சொல்லிப் போக வேண்டியிருக்கிறது? அந்த நாட்டுக்குப் பண்ணையிலும் பெட்ரோல் பங்கிலும் ஆள் வேண்டும். தொழிலாளி என்று அழைத்தால் ஊதியம், ஒப்பந்தம், சங்கம் என்று பேச்சு வரும். மாணவன் என்று அழைத்தால் அவனே கட்டணமும் கட்டுவான், வேலையும் செய்வான். தன் கூலிக்குத் தானே முன்பணம் கட்டுகிற தொழிலாளியை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

யார் பக்கம் நிற்பது?

2023 ஆகஸ்டில் பாஃபோசுக்கு அருகே குளோராகாஸ் என்ற ஊரிலும், செப்டம்பர் முதல் நாளன்று லிமாசோல் நகரிலும் வெளிநாட்டவர்கள் மீது வன்முறை நடந்தது. முகமூடி அணிந்த கூட்டம் கடைகளை உடைத்தது. வழியில் கண்டவர்களை அடித்தது. உணவு கொண்டு போன பையன்களும் அடி வாங்கினார்கள். வந்தேறிகளே வெளியேறுங்கள் என்ற முழக்கம் நமக்குப் புதிதா? 1960-களின் பிற்பகுதியில் இந்த நகரில் தென்னிந்தியர்களின் கடைகள் உடைக்கப்பட்டதை நேரில் கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று நாம் என்ன எதிர்பார்த்தோம்? போலீஸ் நம்மை மனிதராகப் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டு மராட்டியத் தொழிலாளி நம் பக்கம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். அதையேதான் நம் பிள்ளைகள் லிமாசோலில் எதிர்பார்க்கிறார்கள்.

போலீசின் நிலையைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். 2019-இல் அந்தத் தீவில் ஒரு ராணுவ அதிகாரி ஐந்து வெளிநாட்டுப் பெண்களையும் இரண்டு சிறுமியரையும் கொன்றது வெளிப்பட்டது. அவர்களில் பலரைக் காணவில்லை என்று முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். போலீஸ் தேடவில்லை. வெளிநாட்டு வேலைக்காரி, கோட்டைத் தாண்டி வடக்கே ஓடியிருப்பாள் என்று இருந்துவிட்டது. மக்கள் தெருவில் இறங்கிய பிறகு நீதித்துறை அமைச்சர் பதவி விலக வேண்டியதாயிற்று. தெருவில் இறங்கியவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம்பிக்கை இருப்பது அங்கேதான். அந்தத் தீவின் உழைக்கும் மக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1948-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் செம்புச் சுரங்கத்தில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிரேக்க மொழித் தொழிலாளியும் துருக்கி மொழித் தொழிலாளியும் மாதக்கணக்கில் தோளோடு தோள் நின்றார்கள். அந்தச் சுரங்கம் இருந்த லெஃப்கே வட்டாரத்தில் இன்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அந்த மண்ணில் நடந்ததை அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

2022 டிசம்பரில் சைப்ரசில் உணவு கொண்டு கொடுப்போர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர்கள், மாணவர்களும் உண்டு. நேரே கம்பெனியில் வேலை இல்லை. நடுவே இடைத்தரகர்கள் உட்கார்ந்து கூலியில் பங்கு பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் குறைகளில் ஒன்று. மொழி தெரியாத ஊரில், விசா போய்விடும் என்ற பயத்தோடு, வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள். அங்குள்ள தொழிற்சங்கம் அவர்களுக்கு ஆதரவு கொடுத்தது. நம் சங்கத்தில் பேராசைக்காரப் பிள்ளைகள் என்று பேசுகிறவர்கள் இந்தச் செய்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நாம் கேட்பவை

முதலாவதாக, மத்திய அரசு வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்டுகள் அனைவரையும் பதிவு செய்ய வேண்டும். பிணைத்தொகை வாங்க வேண்டும். கல்லூரியிடமிருந்து என்ன கமிஷன் வாங்குகிறார் என்பதை ரசீதிலேயே எழுதச் செய்ய வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பணம் முழுதும் திரும்பி வர வேண்டும்.

இரண்டாவதாக, நிகோசியாவில் உள்ள நம் தூதரகம், அங்கீகாரம் உள்ள கல்லூரிகள், படிப்புகளின் பட்டியலை இந்திய மொழிகளில் வெளியிட வேண்டும். வடபகுதியில் தங்களால் நேரடி உதவி செய்ய இயலாத நிலைமையை ஒளிக்காமல் தமிழிலும் எழுதிப் போட வேண்டும்.

மூன்றாவதாக, பட்டம் இங்கே செல்லுமா என்ற கேள்வி. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி தருவது பற்றி விதிகள் வெளியிட்டது. பட்டம் தந்த நிறுவனம் அதன் சொந்த நாட்டில் முறையாக அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாடே அங்கீகாரம் பெறாத இடத்தில் படித்தவன் கதி என்ன? இதற்கு மானியக் குழு ஆம் அல்லது இல்லை என்று தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் கடுமையானவை. ஒரே நிறுவனத்தில் குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, அந்த நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கே மருத்துவம் பார்க்கும் உரிமை, இவை எல்லாம் இருந்தால்தான் இங்கே வந்து தேர்வு எழுத முடியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

அரசு செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. சங்கத்தின் வேலையும் இருக்கிறது. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் சங்க அலுவலகத்தில் இதற்கென்று இரண்டு தோழர்கள் உட்காருவார்கள். ஏஜென்ட் கொடுத்த காகிதத்தை, பணம் கட்டுவதற்கு முன்பு, அங்கே கொண்டு வாருங்கள். அவர்கள் கேட்கப் போகிற கேள்விகள் இவைதான். இறங்குவது எந்த விமான நிலையம், லார்னகாவா, பாஃபோசா, எர்ஜானா? படிப்பின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? பாடம் நடப்பது எந்த மொழியில்? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எங்கிருந்து வரும்? கட்டிய பணத்துக்கு ரசீது யார் பெயரில்? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? இவற்றுக்குப் பதில் இருந்தால் பிள்ளையைத் தைரியமாக அனுப்புங்கள். நாமே விமான நிலையம் வரை வந்து வழியனுப்புவோம்.

போய்விட்ட பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. போன முதல் வாரமே தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடமோ வீட்டுக்காரரிடமோ கொடுக்காதீர்கள். வேலை செய்த நாளையும் மணியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூலி மறுக்கப்படும் நாளில் அந்த நோட்டுத்தான் உங்கள் சாட்சி. அந்த ஊர்த் தொழிற்சங்க அலுவலகம் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொழி தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் பாட்டனார் மராத்தி தெரிந்துகொண்டா இந்த நகரத்துக்கு வந்தார்?

படிக்கும் ஆசை குற்றமல்ல. நாலு காசு சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் ஆசையும் குற்றமல்ல. அந்த ஆசையை மூலதனமாக்கிப் பணம் பார்ப்பவர்களைக் கேள்வி கேட்காமல், பிள்ளைகளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதே குற்றம். அவர்கள் நம் பிள்ளைகள், தொழிலாளிகளும்கூட. இரண்டு காரணத்தாலும் அவர்களுக்காகப் பேச நம் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.